ட்ரிப்பரை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்த கரண்ட்: யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் மேடம். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறோம். 2025 அக்டோபர் 18 இரவு, நல்ல மழை. வீட்டு ட்ரிப்பர் (தானாகக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) தூக்கிவிடத் தூக்கிவிட விழுந்துகொண்டே இருந்தது. தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்குப் போன் செய்தோம்; ஒருவரை அனுப்பினார்கள். அவர், "ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சு, இப்போதைக்கு டைரக்டா கொடுத்திருக்கேன், புதுசு வந்ததும் மாட்டித் தரேன்" என்றார். கடையின் க்யூஆர் கோடில் 2,000 ரூபாயும் அவர் கையில் 1,500 ரூபாயும் கொடுத்தோம். பில் இல்லை. புது ட்ரிப்பர் எப்போது என்று அந்த எலக்ட்ரீஷியனிடம் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டேன். "நாளைக்கு அக்கா" என்று பதில் வந்தது. 27-ஆம் தேதி காலை என் மாமியார் குளியலறையில் ஹீட்டர் குழாயைத் தொட்டதும் ஷாக் அடித்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். செலவு 68,000 ரூபாய். பதற்றத்தில் ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டோம். கடைக்காரர், "அவன் என் ஆள் இல்லை" என்கிறார். எலக்ட்ரீஷியன், "உங்க ஹீட்டர்தான் காரணம்" என்கிறார். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரரோ, "யாரைக் கேட்டு ஆளைக் கூப்பிட்டீங்க, போர்டு மாத்துற செலவை அட்வான்ஸ்ல கழிப்பேன்" என்கிறார். ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது என்று ஆகஸ்டிலேயே அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன். ஆதாரம் கலையக் கூடாதென்று போர்டை இன்னும் அப்படியே வைத்திருக்கிறோம். எங்களுக்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த டைரக்ட் இணைப்பு இன்னும் இருக்கிறது என்றால் உங்கள் மாமியாருக்கு நடந்தது நாளை உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் நடக்கலாம். இதைப் படித்ததும் போய் மெயினை அணையுங்கள். வழக்குக்காக யாரும் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அப்படி இருக்க வேண்டாம்.

ஆதாரம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம், அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. மெயினை அணைத்த பிறகு போர்டின் மூடியைக் கழற்றாமல் ஒரு முறை வீடியோ எடுங்கள். பிறகு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரை வரவழைத்து, பக்கத்து வீட்டுக்காரர் இருவர் முன்னிலையில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, ட்ரிப்பரைத் தாண்டி எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுங்கள். ஹீட்டரில் கசிவு இருக்கிறதா, எர்த் எப்படி இருக்கிறது என்று அளந்து, கண்டதை அவர் தன் உரிம எண்ணோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். சாட்சிகளும் கையெழுத்திடட்டும். பழைய ட்ரிப்பர், வெட்டிய வயர், ஹீட்டர் மூன்றையும் தேதி எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அது சுலபம்.

அதே நாளில் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மின் ஆய்வாளருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். மின்சாரத்தால் மனிதருக்குக் காயம் ஏற்பட்டால் அவருக்குத் தகவல் தரப்பட வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு. நீங்கள் கூட்டிவந்த ஆள் தரும் அறிக்கையை எதிர்த்தரப்பு சந்தேகிக்கலாம். அரசு ஆய்வாளர் விசாரித்து எழுதினால் அதன் எடை வேறு.

இனி, "ஹீட்டர்தான் காரணம்" என்ற எலக்ட்ரீஷியனின் பேச்சுக்கு வருவோம். உங்களுக்கு எதிராக அவர் சொல்லும் இந்த வார்த்தை உண்மையில் உங்களுக்குத்தான் உதவும். நாம் ட்ரிப்பர் என்றும் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்லும் கருவி, உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொதுவாக மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக்குக் கரண்ட் வேறு வழியில், அதாவது ஈரச் சுவர் வழியாகவோ ஹீட்டர் உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். பக்கத்தில் இருக்கும், அளவுக்கு மீறிய கரண்ட் பாய்ந்தால் அணையும் எம்.சி.பி. சுவிட்ச் இந்த வேலையைச் செய்யாது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 30 மில்லி ஆம்பியர் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. அது கண்டுகொள்ளவே கொள்ளாது. ஹீட்டரில் கசிவு இருந்தது என்றால், அன்று இரவு ட்ரிப்பர் வீக் ஆகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். கசிவைத் தேடுவதற்குப் பதிலாக, கசிவைச் சொன்ன கருவியை அவர் விலக்கிவிட்டார்.

நிதானமான ஒரு கம்பியாள் (வயர்மேன்) என்ன செய்திருப்பார்? எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எந்த லைனில் விழுகிறதோ அதை மட்டும் துண்டித்துவிட்டு மற்ற அறைகளுக்கு வெளிச்சம் கொடுத்திருப்பார். பதினைந்து நிமிட வேலை. தொழில் தெரிந்தவர் எடுத்திருக்க வேண்டிய இந்தச் சாதாரணக் கவனத்தை எடுக்கவில்லை என்பதுதான் சட்டத்தில் கவனக்குறைவு. உங்கள் வழக்கு நிற்பது இந்த ஒரு புள்ளியில்.

எலக்ட்ரீஷியனின் வக்கீல், "டைரக்டாகக் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமே, தெரிந்துதானே பயன்படுத்தினீர்கள்" என்று கேட்பார். கேட்காமல் விடமாட்டார். அதற்கான பதில் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆபத்து என்று அவர் சொல்லவில்லை, தற்காலிகம் என்றார், நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், "நாளைக்கு அக்கா" என்றார். அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்திருக்காமல், முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் தருவது ஆஸ்பத்திரி விஷயம். விபத்துப் பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் "குளியலறையில் விழுந்தார்" என்று மட்டும் பதிவாகியிருந்தால், ஷாக் என்பதே பிறகு சோடித்த கதை என்று வாதிடுவார்கள். இதற்காக டாக்டரிடம் போய்ப் பழைய பதிவை மாற்றித் தரச் சொல்லாதீர்கள். திருத்திய பதிவு, பழைய பதிவைவிட அதிகமாக உங்களைக் காயப்படுத்தும். உங்கள் மாமியாரே, தன் வாக்குமூலமாக, எதைத் தொட்டார், எப்படி உதறியது, முதலில் ஏன் ஷாக் என்று சொல்லவில்லை என்பதைத் தேதியிட்டு எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கட்டும். விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். விழுந்தது பொய்யல்லவே, ஷாக் அடித்துத்தான் விழுந்தார். அன்று காலை நீங்கள் உறவினர் யாருக்காவது "அத்தைக்கு ஷாக் அடிச்சிருச்சு" என்று போனிலோ வாய்ஸ் மெசேஜிலோ சொல்லியிருந்தால், தேடி எடுங்கள். சம்பவம் நடந்த நேரத்திலேயே பேசிய பேச்சுக்கு மதிப்பு உண்டு.

பணம் கேட்க வேண்டிய இடம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. காசு கொடுத்துச் சேவை பெற்றீர்கள் என்பதைக் காட்டினால் போதும், ஜிபே பதிவு அதைக் காட்டும். எலக்ட்ரீஷியன் உங்கள் வேலைக்காரர் அல்ல, தன் திறமையைக் கொண்டு ஒரு வேலையை முடித்துத் தர ஒப்புக்கொண்டவர். ஆகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சொல்லும் "சேவை"க்குள் இது வரும். பணம் கொடுத்தவர் நீங்கள், அடிபட்டவர் மாமியார் என்பதும் தடையில்லை. உங்கள் ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெற்றவரும் நுகர்வோரே. இருவரும் சேர்ந்து புகார்தாரராக இருங்கள்.

"அவன் என் ஆள் இல்லை" என்ற கடைக்காரரை அப்படியே விட்டுவிடாதீர்கள். நம்பர் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியவராக இருந்தால் அவர் மேல் பொறுப்பு சுமத்துவது கடினம்தான். இங்கே 2,000 ரூபாய் அவர் கணக்குக்குப் போயிருக்கிறது. எதற்காக? அன்று இரவு கடையிலிருந்து எந்தப் பொருளும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பணம் கூலி என்றால், சேவையை விற்றவர் அவர். புது ட்ரிப்பருக்கான அட்வான்ஸ் என்றால், ஒன்பது நாள் பொருளைத் தராமல் வைத்திருந்தவர் அவர். இரண்டில் எதைச் சொன்னாலும் சேவைக் குறைபாட்டிலிருந்து தப்ப முடியாது. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: எலக்ட்ரீஷியனின் பெயரும் போன் நம்பரும்தான் உங்களிடம் இருக்கிறது, கடைக்கு முகவரி இருக்கிறது. கடையை முதல் எதிர்தரப்பினராகவும் அவரை இரண்டாவதாகவும் சேருங்கள்.

முதலில் இருவருக்கும் பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம். அதன்பின் புகார். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் தாக்கல் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கில் மின் தொழில்நுட்பமும் மருத்துவப் பதிவும் பின்னிக் கிடப்பதால் ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அதற்கு முன் சமரசமாக முடியுமா என்று பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எலக்ட்ரீஷியனுக்கு உரிமம் உண்டா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபியூஸ் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் தவிர, வயரிங்கில் மாற்றமோ பழுதோ செய்ய உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையும் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. பாதுகாப்புக் கருவியைத் தாண்டி இணைப்புக் கொடுப்பதைச் சிறு வேலை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கம்பியாள், மேற்பார்வையாளர் சான்றுகளைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். சான்று இல்லாததாலேயே அவர் செய்த வேலை தப்பு என்று ஆகிவிடாது. தப்பு வேலையோடு சான்றும் இல்லை என்றால் அவர் நிலை மிகவும் பலவீனமாகும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 125(பி) பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் குற்ற வழக்கில் நிரூபிக்க வேண்டிய கவனக்குறைவின் அளவு இழப்பீட்டு வழக்கில் இருப்பதைவிட மிக அதிகம். தவிர, அந்த வழக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தராது. சம்பவம் பதிவில் இருக்கட்டும் என்று புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "கேஸ் போடுவேன்" என்று மிரட்டிப் பணம் கேட்கும் வழியில் மட்டும் இறங்காதீர்கள். அந்த எலக்ட்ரீஷியன் அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். செலவைத் தவணையில் தர அவரும் கடைக்காரரும் முன்வந்தால், ஆணையத்தின் மத்தியஸ்தத்தில் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வது சரியில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி உள், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுதுதான் வாடகைதாரர் பொறுப்பு. நீங்கள் ஆகஸ்டில் அனுப்பிய மெசேஜைக் காட்டி, போர்டும் எர்த்தும் அவர் செலவில் சரிசெய்யப்பட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எர்த் பழுதாக இருந்தது என்று அறிக்கை வந்தால் அவருடைய பங்கைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கும். நுகர்வோர் புகாரில் இப்போது அவரை இழுக்க வேண்டாம், வழக்கு சிதறிவிடும்.

கேட்க வேண்டிய தொகையில் 68,000 ரூபாயும் நீங்கள் கொடுத்த 3,500 ரூபாயும் மட்டும் இல்லை. பிளேட் எடுக்க மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் என்றால் டாக்டரின் மதிப்பீடு, பிசியோதெரபி, ஆட்டோ செலவு, உங்கள் மாமியார் பட்ட வலி, வலது கையால் செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போன மாதங்கள், வழக்குச் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள். ரசீது இருப்பவற்றுக்கு ரசீது, இல்லாதவற்றுக்கு அவருடைய பிரமாணப் பத்திரம். காலக்கெடு இரண்டு ஆண்டு, அதாவது 2027 அக்டோபருக்குள். ஆனால் முதல் நோட்டீஸை இந்த மாதமே அனுப்புங்கள். புது ட்ரிப்பர் மாட்டியதும் அதன் பில்லையும் அந்தக் கோப்பில் வையுங்கள்.