ஒரு தாளில் தியுமேன், இன்னொரு தாளில் ஹந்தி-மன்சி: எது சரி?

கேள்வி: என் மகன் வெல்டர். ரஷ்யாவில் சுர்குத் என்ற ஊரில் எண்ணெய் வயல் வேலை என்கிறார் ஏஜென்ட். ஒரு தாளில் ‘தியுமேன் மாகாணம்’ என்றும் இன்னொன்றில் ‘ஹந்தி-மன்சி’ என்றும் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெயர்க் குழப்பத்தை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யர்களே இதைத் ‘தியுமேன் மத்ரியோஷ்கா’ என்று கேலி செய்வார்கள், பொம்மைக்குள் பொம்மை. யுக்ரா என்றும் அழைக்கப்படும் ஹந்தி-மன்சி தன்னாட்சி வட்டாரம், சட்டப்படி தியுமேன் மாகாணத்துக்குள் அடக்கம். ஆனாலும் அதற்குத் தனி ஆளுநர், தனி சட்டமன்றம், தனி பட்ஜெட் உண்டு. சுர்குத் இருப்பது யுக்ராவில். தியுமேன் நகரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 800 கி.மீ.

ரஷ்யா எடுக்கும் கச்சா எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு யுக்ராவிலிருந்துதான் வருகிறது. 1965-ல் நிஷ்னிவார்தொவ்ஸ்க் அருகே சமோத்லோர் வயலைக் கண்டுபிடிக்கும்வரை சதுப்பும் காடும்தான்; மீன்பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்த ஹந்தி, மன்சி மக்கள் இன்று வட்டாரத்தில் வாழும் சுமார் 17 லட்சம் பேரில் இரண்டு விழுக்காடு அளவே. எண்ணெய் எடுப்பு வரி மாஸ்கோவுக்குப் போய்விடுகிறது. எண்ணெய் வேலைக்கோ பஞ்சமில்லை. அதனால்தான் ‘சுர்குத்’ என்ற பெயரைச் சொல்லி ஆள் பிடிப்பதும் எளிது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேலை அனுமதியை. இந்தியத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சாதாரண அனுமதி, அதை வழங்கிய பகுதிக்குள் மட்டுமே செல்லும். அதில் தியுமேன் என்று போட்டுவிட்டு சுர்குத்தில் வேலை வாங்கினால், சோதனையில் மாட்டுவது உங்கள் மகன்தான். ஹந்தி-மன்சி என்றே இருக்கட்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் சரிபாருங்கள். ரஷ்ய மொழி ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வேலை என்று போன இந்தியர்கள் சிலர் ரஷ்ய ராணுவத்தில் சிக்கியதை 2024-ல் நம் வெளியுறவு அமைச்சகமே உறுதிசெய்தது.

குளிரையும் யோசியுங்கள். ஜனவரியில் மைனஸ் 40 வரை இறங்கும் நாட்களுண்டு. வெட்டவெளி வெல்டிங் வேலை என்றால் குளிருடை யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒரே ஆறுதல், கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம்தான் பின்னால். மகனோடு பேச ராத்திரி விழித்திருக்க வேண்டியதில்லை.

அனுமதியில் எந்தப் பகுதி என்று கேட்டால் “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஏஜென்ட் மழுப்பினால், முன்பணம் கட்டாதீர்கள்.