முதல்முறையாக டெமோ ரெக்கார்ட் செய்யப்போகும் அமெச்சூர் பேண்ட் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: டிரம்ஸ், பேஸ், கிட்டார், பாட்டு என்று நாலு பேர். சொந்தப் பாட்டு ஏழெட்டு கையில் இருக்கிறது. ஸ்டூடியோ எடுப்பதா, வீட்டிலேயே லேப்டாப்பில் முடிப்பதா, என்ன மைக் வாங்குவது என்று குழப்பம்.

நான் பொழுதுபோக்கு பேண்ட் ஒன்றில் பேஸ் வாசிப்பவன். எங்கள் டெமோ வேலை முடிந்த பிறகு, தெரிந்த பேண்டுகள் சிலவற்றுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரெக்கார்டிங் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குப் பட்டது: மைக் கேள்விதான் இருப்பதிலேயே சின்னக் கேள்வி. டெமோ சொதப்பினால், முக்கால்வாசி நேரம் காரணம் பாட்டில் முடிவாகாமல் கிடந்த ஏதோ ஒரு விஷயம்தான்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் அடுத்த ரிகர்சலை ஃபோனில் ரெக்கார்ட் செய்யுங்கள். டிரம்ஸிலிருந்து தள்ளி, அறையின் எதிர் மூலையில் ஃபோனை வைத்தால் போதும். அன்றைக்கே கேட்காதீர்கள். மறுநாள் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து கேட்டு, காதில் பட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள். அறையில் சத்தமாக வாசிக்கும்போது ஒருவருக்கும் காதில் விழாத சமாச்சாரம் எல்லாம் அதில் வெளியே வரும். பல்லவி வந்ததும் வேகம் கூடிவிடும். இரண்டாவது சரணத்தில் கிட்டார் ஒரு கார்டும் பேஸ் வேறொரு கார்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் மாதக்கணக்காக! கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடமும் பேஸ் நோட்டு விழும் இடமும் சேராது. முக்கியமாக, பாட்டின் முடிவு. எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிம்பலை உருட்டி ஒரு மாதிரி முடிப்பார்கள். மேடையில் அது எடுபடும். ஹெட்ஃபோனில் எடுபடாது.

ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம் என்ன, ஸ்ருதி என்ன, எந்த இடத்தில் யார் வாசிக்கக்கூடாது, எப்படி முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேகத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது, பாடுபவரை வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடச் சொல்லி மெட்ரோனோம் ஆப்பில் தட்டிப் பார்ப்பது. டிரம்மர் பிடிக்கும் வேகத்துக்கும் இதற்கும் பெரும்பாலும் வித்தியாசம் இருக்கும். வார்த்தைகள் மூச்சுவிடும் வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ருதியிலும் இதே கதைதான். கிட்டாருக்கு வசதி என்று பாட்டை ஒரு ஸ்ருதியில் கட்டிவிட்டு, பாடுபவர் உச்ச ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்பார். ஒரு நோட்டு இறக்கிப் பாருங்கள். கிட்டார்க்காரர் முனகுவார், பரவாயில்லை.

முடிவெடுப்பது பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. 1979-ல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நாலு ட்ராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) பதியலாம். வீட்டில் டெமோ செய்யும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்தாவது வாத்தியம் வேண்டுமென்றால், முதல் மூன்று ட்ராக்கையும் கலந்து நாலாவதில் இறக்கிவிட்டு அந்த மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். அதற்கப்புறம் டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. அப்போதே தீர்மானித்தாக வேண்டும். இன்றைக்கு இலவச சாஃப்ட்வேரிலேயே எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் எல்லாவற்றையும் 'மிக்ஸில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறோம். மிக்ஸ் செய்ய, அதாவது எல்லா ட்ராக்கையும் சமன்செய்து கலக்க உட்காரும் ஆள், நாலு பேரும் எடுக்காத முடிவுகளை ஒற்றையாளாக எடுக்கவேண்டி வரும். அங்கேதான் சண்டை ஆரம்பம்.

எத்தனை பாட்டு? ஏழெட்டும் வேண்டாம், இரண்டு அல்லது மூன்று. பீட்டில்ஸ் 1962 ஜனவரி 1 அன்று டெக்கா ரெக்கார்ட் கம்பெனியின் ஆடிஷனில் ஒரே மூச்சில் 15 பாட்டு பதிந்தார்கள். அதில் அவர்களே எழுதியது மூன்றுதான், மிச்சமெல்லாம் அடுத்தவர் பாட்டு. டெக்கா வேண்டாம் என்றுவிட்டது. நிராகரிப்புக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் டெமோ என்பது 'நாங்கள் யார்' என்று சொல்ல வேண்டியது. அதற்கு உங்கள் பாட்டில் நன்றாக வந்த மூன்று போதும்.

ஸ்டூடியோவா வீடா என்றால், என் யோசனை பாதிப் பாதி. டிரம்ஸையும் பேஸையும் ஒருநாள் ஸ்டூடியோவில் அல்லது நல்ல ரிகர்சல் அறையில் சேர்த்தே எடுங்கள். கிட்டாரும் பாடுபவரும் கூடவே இருந்து வழிகாட்டி ட்ராக்காக வாசித்துப் பாடட்டும்; அதை அப்புறம் தூக்கிவிடலாம். அசல் கிட்டாரும் குரலும் வீட்டில். டிரம்ஸுக்கு அறை வேண்டும், பல மைக் வேண்டும், ஒரே நேரத்தில் பல சேனல் பதியும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வேண்டும். மற்றவற்றுக்கு ஒன்றிரண்டு இன்புட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸே தாராளம். ஸ்டூடியோவிலிருந்து ஃபைல்களை வாங்கும்போது எல்லா ட்ராக்கும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும் 24 பிட் வேவ் ஃபைலாகக் கேளுங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதிகிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸா 48-ஆ என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். 44.1-ல் பதிந்ததை 48 என்று நினைத்து ஒரு சாஃப்ட்வேர் ஓட்டினால் பாட்டு ஒன்பது சதவீதம் போல வேகமாகி, ஸ்ருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறிவிடும்.

டிரம்ஸ் நாளுக்கு முன்னால் பெடலுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள். கிரீச் கிரீச் என்ற சத்தம் ரிகர்சலில் கேட்காது, கிக் மைக் மட்டும் அதைத் தவறவிடாது. ஸ்னேரில் தளர்ந்த தோல் இருந்தால் மாற்றி, நன்றாக ட்யூன் செய்யுங்கள். சரியில்லாத ஸ்னேரை ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருத்தப் போனால் நாள் முழுக்கப் போகும். மைக் நாலு போதும்: கிக், ஸ்னேர், தலைக்கு மேலே ஓவர்ஹெட் இரண்டு. அந்த இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கேபிளை ஸ்னேர் மேல் பிடித்து, மறுமுனையை இரண்டு மைக்குக்கும் நீட்டி அளந்து பாருங்கள். தூரம் மாறினால் ஒரே அடி இரு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஸ்னேர் சப்பையாகும். இதைத்தான் ஃபேஸ் பிரச்சினை என்கிறார்கள்.

கிளிக் (ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) போடலாமா என்று கேட்பீர்கள். டிரம்மர் வாரக்கணக்கில் கிளிக்கோடு பழகியிருந்தால் போடுங்கள். பின்னால் ஓவர்டப் (பதிந்ததன் மேல் இன்னொன்றைச் சேர்த்துப் பதிவது), வெட்டி ஒட்டுவது எல்லாம் சுலபம். பழகாதவர் காதில் அன்றைக்குத்தான் முதல்முறை டிக் டிக் என்று விட்டால், வாசிப்பே மரத்துப்போகும். அப்படியென்றால் முதல் நாலு எண்ணிக்கைக்கு மட்டும் கிளிக், அப்புறம் நிறுத்திவிடுங்கள். வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினால் கேட்பவருக்கு உறுத்தாது, எல்லாரும் சேர்ந்தே ஏறி இறங்கினால் சரி.

கெயினில் (பதியும் சத்தத்தை ஏற்றும் அளவு) தாராளம் வேண்டாம். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையே 24 பிட்டுக்குக் கொள்கை அளவில் 144 டெசிபெல் வரை இடம் உண்டு. சிடியின் 16 பிட்டுக்கு 96. அதனால் மீட்டர் சிவப்பைத் தொடும்வரை ஏற்றத் தேவையே இல்லை. மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபெல், உச்சம் மைனஸ் 10 பக்கம் இருந்தால் நிம்மதி. சரிபார்க்கும்போது மென்மையாக அடித்துக் காட்டிவிட்டு டேக் வந்ததும் வெளுத்து வாங்குவது டிரம்மர்களின் பிறவிக் குணம். அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

பேஸ் என் துறை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்: ஆம்பும் மைக்கும் இல்லாமல் நேரடியாக டிஐ இணைப்பு வழியே எடுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனரைப் பாருங்கள். ட்யூனர் விஷயத்தில் கிட்டாருக்கும் அதேதான். கிட்டார் கம்பியை முந்தின நாளே மாற்றி, இழுத்து இழுத்து விட்டு நிலைக்க வையுங்கள். அன்று காலை மாற்றிய கம்பி மதியம்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். கிட்டார்க்காரரிடம் சொல்லவேண்டிய கசப்பான உண்மை: மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் (கிட்டார் சத்தத்துக்குக் கொடுக்கும் கரகரப்பு) பாதி போதும். ரெக்கார்டிங்கில் அதிக டிஸ்டார்ஷன் பெரிதாகக் கேட்பதற்குப் பதில் இரைச்சலாகக் குறுகிவிடும். கனம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடதுபக்கம், இன்னொன்றை வலதுபக்கம் தள்ளுங்கள். காப்பி பேஸ்ட் செய்தால் வேலைக்கு ஆகாது. இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள நூலிழை வித்தியாசத்தில்தான் அந்த அகலம் இருக்கிறது. மைக் என்றால் ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக்கை ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கிட்டே வையுங்கள். கோனின் நடுவில் வைத்தால் சத்தம் கூர்மை, ஓரத்துக்கு நகர நகர மழுங்கும். ஈக்யூவைத் தொடும் முன் மைக்கை இரண்டு விரல் நகர்த்திப் பாருங்கள்.

வீட்டில் எடுக்கும்போது 'என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாக வருகிறது' என்று ஒரு புகார் வரும். பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 1024 சாம்பிள் என்றால் 44.1-ல் அதுவே 23 மில்லிசெகண்ட், உள்ளே வந்து வெளியே போகும்போது இன்னும் கூடும். 128-க்கு இறக்கினால் 3 மில்லிசெகண்ட் போல ஆகிவிடும், அது கவனத்துக்கே வராது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே அவ்வளவு நேரம் ஆகிறது. லேப்டாப் திணறினால் குரலை லேப்டாப் வழியே சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டனை இன்டர்ஃபேஸில் போடுங்கள்.

இனி குரல். அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான், ஆனால் பேண்டுகள் கடைசியில் மிஞ்சும் அரைமணி நேரத்தைத்தான் இதற்குத் தருகிறார்கள். தனி நாள் ஒதுக்குங்கள். கடினமான பாட்டை அன்றைய கடைசிக்கு வையுங்கள். பீட்டில்ஸே 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிந்தபோது, தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசியில்தான் எடுத்தார்கள். முதலில் எடுத்திருந்தால் மற்றவற்றுக்குக் குரல் மிஞ்சியிருக்காது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது, அறையின் எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது. கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதாவது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். கனமான கம்பளியைத் தொங்கவிட வேண்டியது அந்தச் சுவர் பக்கம். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்திருக்கட்டும். ஃபோன் ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சு மைக்கில் வெடிக்காமல் தடுக்கும் வலை). ஹெட்ஃபோனில் ஒரு காதைக் கழற்றிவிட்டால் ஸ்ருதி பிடிப்பது சிலருக்கு எளிது, கழற்றிய பக்கத்துச் சத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள்.

முழுப்பாட்டாக மூன்று நாலு டேக் எடுத்து, நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். வரிவரியாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால் ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருக்கும், ஆனால் யாரோ படித்துக் காட்டுவது போல ஆகிவிடும். டேக் போய்க்கொண்டிருக்கும்போது மற்ற மூவரும் அறையில் நின்று கருத்து சொல்லக்கூடாது. ஒருவர் போதும், அவரும் பாட்டு முடிந்த பிறகு.

மிக்ஸுக்கும் ஒரே ஆள். மற்றவர்கள் ஒரு நாள் கழித்துத் தங்கள் குறிப்பை எழுதி அனுப்பட்டும். 'என் வாத்தியம் கேட்கவே இல்லை' என்பது குறிப்பாகாது. எந்த நிமிடம், எந்த நொடி என்று இருக்க வேண்டும். குறைந்த சத்தத்தில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் குரலும் ஸ்னேரும் நிற்கின்றன என்றால் சமநிலை சரி. ஃபோன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அங்கே பேஸின் அடி காணாமல் போகும், அதற்காகப் பேஸை ஏற்றாதீர்கள் (நானே சொல்கிறேன்). மாஸ்டரிங்குக்கு (முடிந்த மிக்ஸுக்குக் கடைசியாகச் செய்யும் மெருகேற்றல்) தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை, டெமோவுக்கு அது தேவைப்படாது.

அனுப்பும்போது உங்கள் வலுவான பாட்டு முதலில் வரட்டும், குரல் சீக்கிரம் நுழைவதாக இருந்தால் இன்னும் நல்லது. ஃபைல் பெயரில் பேண்ட் பெயரும் பாட்டுப் பெயரும் இருக்க வேண்டும். 'ஃபைனல் மிக்ஸ் 7 புதுசு' என்ற பெயரில் வரும் எம்பி3 யாருடையது என்று மறுவாரம் ஒருவருக்கும் தெரியாது. மூல ஃபைல்களை இரண்டு வேறு டிஸ்கில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் லேப்டாப்பைக் காலி செய்யுங்கள்.