விளக்கு வாங்கியும் குளிர்காலச் சோர்வு போகவில்லை: பதில்

வணக்கம். ஒஸ்லோவில் நவம்பர் பிறந்தாலே படுக்கையை விட்டு எழ முடியவில்லை, ஒளிச்சிகிச்சை விளக்கு வாங்கி ஒரு மாதமாகியும் பலனில்லை, இருந்த தூக்கமும் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு, டிவி பக்கத்தில் வைத்துப் போடுகிறீர்களாமே. சிக்கலே அங்கேதான்.

அந்த நேரத்து வெளிச்சம், தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தடுத்து, உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். காலையில் எழுந்த கையோடு போடுங்கள். டிசம்பரில் உங்கள் ஊரில் சூரியன் வர ஒன்பது மணி தாண்டிவிடும், அதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும்.

அப்புறம் தூரம். பெட்டியில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருப்பது குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும்தான். பெரும்பாலும் 30 முதல் 60 சென்டிமீட்டர். அறையின் மறுகோடியில் இருந்தால் சாதாரண டியூப்லைட் வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் சற்றுப் பக்கவாட்டாக வைத்து, காபி குடித்தபடி அரைமணி நேரம் உட்காருங்கள். உற்றுப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். புற ஊதாக்கதிரை வடிகட்டும் விளக்குதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு வாரம் பாருங்கள்.

தலைவலி வந்தால் நேரத்தைக் குறைக்கலாம். விழித்திரைக் கோளாறோ, மனம் சோர்வுக்கும் அளவுமீறிய உற்சாகத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநோயோ (பைபோலார்) இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இருதுருவ நோயில் இது அந்த அளவுமீறிய உற்சாக நிலையைக் கிளப்பிவிடலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் விளக்கை நம்பி உட்கார வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.