டெஸ்க்டாப்புக்கு வைஃபை அடாப்டர்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது, செருகியும் நெட் வராவிட்டால் எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான்: வீட்டு டெஸ்க்டாப்பில் வைஃபை இல்லை, ரவுட்டர் வேறு அறையில் இருக்கிறது, கேபிள் இழுக்க வழியில்லை. யுஎஸ்பி அடாப்டர் போதுமா, உள்ளே கார்டு போட வேண்டுமா? ஏற்கெனவே வாங்கிய அடாப்டரைச் செருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறதே, அது ஏன்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. அது பழுது இல்லை. பல யுஎஸ்பி அடாப்டர்களில் விண்டோஸ் டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருளை) உள்ளேயே ஒரு சின்ன நினைவகத்தில் போட்டு விற்கிறார்கள். செருகியதும் அது முதலில் சிடி டிரைவாகத்தான் வந்து நிற்கும். அந்த டிரைவைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப் ஃபைலை ஓட்டுங்கள். டிரைவர் ஏறியதும் சிடி மறைந்து வைஃபை தலைகாட்டும். டிரைவர் போட்ட பிறகும் சிடியாகவே நின்றால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே மாறிவிடும். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்வது யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏசி600 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசையில்) 150 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி உருட்டிய எண். ஏஎக்ஸ்1800 என்பது 574-ம் 1201-ம் சேர்ந்தது. ஏஎக்ஸ்3000 என்பது 574-ம் 2402-ம். அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும், ஆகவே கூட்டுத்தொகை உங்களுக்கு எப்போதும் கிடைக்காது. பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல் நிஜத்தில் வரும் என்று கணக்குப் போடுங்கள். வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் 433 காட்டும் அடாப்டரே தாராளம். எந்த விலையிலும் தவிர்க்க வேண்டியது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள, நகம் அளவு நானோ டாங்கிள். நல்ல ஆன்டெனா வைக்க அதற்குள் இடமே இல்லை. பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் நெரியும் அந்த பேண்டில் அது திணறும்.

பெட்டியில் எழுதாத விஷயம்தான் இன்னும் முக்கியம்: உள்ளே என்ன சிப். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பு ஒரு சிப்பிலும் அடுத்த பதிப்பு வேறு சிப்பிலும் வருவது சகஜம். அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வி1, வி2 என்று பதிப்பு எண் இருக்கும். டிரைவர் தேடும்போது அந்த எண் பொருந்தவில்லை என்றால் இன்ஸ்டால் முடிந்த மாதிரி காட்டும், வைஃபை மட்டும் வராது.

யுஎஸ்பியா, கார்டா? டெஸ்க்டாப் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் என்றால், கேபினெட்டைத் திறக்கத் தயக்கம் இல்லை என்றால், என் ஓட்டு மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்குத்தான். சூடு தாங்கும், நாள் முழுக்க அறுபடாமல் ஓடும், பல கார்டுகளில் கூடவே புளூடூத்தும் வரும். யுஎஸ்பி வாங்குவதானால் யுஎஸ்பி 3.0 உள்ளதாக எடுங்கள். யுஎஸ்பி 2.0-வின் உச்சம் 480 எம்பிபிஎஸ், அதில் கைக்கு வருவது 300-ஐ ஒட்டித்தான். ஏசி1300 அடாப்டரை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் மீதி வேகம் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

மதர்போர்டில் வைஃபைக்கென்றே எம்.2 கீ இ ஸ்லாட் இருந்தால் சிறு கார்டையும் போடலாம். ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் சிஎன்விஐ வகை. கார்டின் வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கும். ஏஎம்டி போர்டிலும், சிஎன்விஐ ஆதரவு இல்லாத இன்டெல் போர்டிலும் அவை உயிர் பெறாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்குபவை, அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைசி இலக்கம் 0-வா 1-ஆ என்பதை ஆர்டர் போடும் முன் இரண்டு முறை பாருங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்காக ஏஎக்ஸ்210 வாங்குபவர்களுக்கு இன்னொன்று: அந்த பேண்ட் விண்டோஸ் 11-இல்தான் திறக்கும், விண்டோஸ் 10-இல் 5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

கார்டு பொருத்துவது பத்து நிமிட வேலை. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு கார்டை எடுங்கள். கையில் இருக்கும் நிலைமின்சாரம் அதோடு போய்விடும். பின்புறத் தகட்டைக் கழற்றி, மிகச் சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டில் நேராக அழுத்துங்கள். எக்ஸ்1 காலி இல்லையென்றால் நீளமான எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இதே கார்டு வேலை செய்யும். கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்க வேண்டாம். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாக அணைந்துவிடும். கார்டை எதுவுமே கண்டுகொள்ளவில்லை என்றால் போர்டின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள்.

கார்டோடு ஒரு மெல்லிய கேபிள் வரும். எதற்கென்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள், பிறகு புளூடூத் வரவில்லை என்று தேடுவார்கள். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போகிறது, புளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகிறது. அதனால் அந்தக் கேபிளின் ஒரு முனையைக் கார்டிலும், மறுமுனையை மதர்போர்டில் 9 பின் உள்ள யுஎஸ்பி 2.0 ஹெடரிலும் செருக வேண்டும். இரண்டு வரிசையில் ஐந்தும் நான்குமாகப் பின்கள் நிற்கும். ஒரு மூலையில் பின் இருக்காது. கேபிளின் முனையிலும் அதே மூலை அடைத்திருக்கும். அதைப் பொருத்திப் பார்த்துச் செருகுங்கள், வலுக்கட்டாயமாகத் திருப்பிச் செருகினால் பின் வளையும்.

ஆன்டெனாவைத் திருகாமல் சோதித்துப் பார்க்காதீர்கள். இரண்டு முனை இருந்தால் இரண்டிலும் ஆன்டெனா வேண்டும். கேபினெட்டின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஆன்டெனா மாட்டிக்கொள்வதுதான் கார்டின் ஒரே பெரிய குறை, ஏனென்றால் பின்னால் முழுக்கத் தகடு. நீள வயரும் காந்த அடியும் உள்ள ஆன்டெனா கிடைத்தால் மேசை மேல் ஏற்றி வையுங்கள்.

யுஎஸ்பி அடாப்டருக்கும் இடம்தான் பாதி வெற்றி. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும்; இன்டெலே 2012-இல் அளந்து வெளியிட்ட விஷயம் இது. அடாப்டருக்கு அடுத்த போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடினால் சிக்னல் முழுசாகக் காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. அதே நேரத்தில் வயர்லெஸ் மவுஸும் தத்தளித்தால் காரணம் இதுவேதான். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரை மேசை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் பிடியுங்கள். புது அடாப்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

டிரைவர் கட்டத்தில் ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும்: டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். விண்டோஸ் போனையே நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். புதிதாக விண்டோஸ் 11 போடும்போது நெட் கேட்டு நிற்கும் திரையிலும் பெரும்பாலும் இந்த வழி உதவும்.

பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையில் அடாப்டர் பெயர் வந்திருந்தால் நல்லது. அதர் டிவைசஸ் கீழே மஞ்சள் குறியோடு 802.11 என்று தொடங்கும் பெயர் இருந்தால் டிரைவர் இல்லை, புராபர்ட்டீஸில் கோட் 28 என்று இருக்கும். அங்கேயே டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி (தயாரிப்பாளர் எண்) 0பிடிஏ என்றால் ரியல்டெக் சிப், 0இ8டி என்றால் மீடியாடெக். பிசிஐ கார்டானால் 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக். அடுத்து வரும் நான்கு எழுத்துகள் எந்த சிப் என்பதைச் சொல்லும். இந்த இரண்டையும் வைத்துத் தேடினால் லேபிள் அழிந்துபோன, பெயரே இல்லாத அடாப்டருக்கும் சரியான டிரைவரைப் பிடித்துவிடலாம். டிரைவர் மூட்டை என்று எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். ஒரு டிரைவருக்காக வேண்டாத பத்தை ஏற்றிவிடும்.

கோட் 10 வந்தால் தப்பான பதிப்பின் டிரைவர் ஏறியிருக்கலாம்: டிரைவரையும் சேர்த்து நீக்கும்படி டிக் செய்து அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். கோட் 43 அடிக்கடி வந்தால் வேறு போர்ட்டில், முக்கியமாகப் பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் செருகிப் பாருங்கள். மின்சாரம் தனியாகக் கிடைக்காத யுஎஸ்பி ஹப் இதற்குப் பொதுவான காரணம். கோட் 22 என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடாப்டர் இருக்கிறது, நெட்வொர்க் பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறது என்றால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், வைஃபையைக் கவனிக்கும் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாம் தெரிந்து உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் குற்றம் சேனலில் இருக்கலாம். சில அடாப்டர்கள் 2.4-இல் 12, 13-ஐயும், 5-இல் 52 முதல் 144 வரை உள்ள ரேடார் பகுதிச் சேனல்களையும் கண்டுகொள்ளாது. ரவுட்டரில் 1, 6, 11-இல் ஒன்றையும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36-ஐயும் வைத்துப் பாருங்கள். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி இருக்கலாம். பழைய அடாப்டருக்காக டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை மட்டும் தேர்வு செய்யாதீர்கள், வேகம் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. இணைந்தும் நெட் இல்லை, ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் ரவுட்டர் முகவரி தரவில்லை. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, தானாக முகவரி வாங்கும்படி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அறுபடுகிறது என்பது தனிக் கதை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள். டெஸ்க்டாப்பில் இந்த மிச்சத்தால் ஒரு லாபமும் இல்லை.

லினக்ஸ் என்றால் வாங்கும் முன்பே சிப்பைப் பார்ப்பது கட்டாயம். மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7921யு சிப்களின் டிரைவர்கள் லினக்ஸின் மையமான கெர்னலோடே வருகின்றன, செருகினால் போதும். ரியல்டெக் 8811சியு, 8821சியு, 8822பியு மூன்றுக்கும் 6.2 கெர்னலிலிருந்து ஆதரவு உண்டு. வெளியிலிருந்து கம்பைல் செய்து போடும் டிரைவர் என்றால் கெர்னல் புதுப்பிக்கும்போது அறுந்துபோக வாய்ப்பு அதிகம். டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டால் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் அமைப்பு) இயங்கினால் கையொப்பம் இல்லாத டிரைவரை அது ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை ஹார்ட்வேர் புராபர்ட்டீஸைத் திறந்து பேண்டையும் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். பிறகு மேசை இருக்கும் இடத்தில் போனில் ஒரு வைஃபை அளவீட்டு ஆப் வைத்து சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருங்கிய எண் என்றால் எந்த ஒழுங்கான அடாப்டரும் ஓடும். மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த அடாப்டரும் அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பணத்தை லேன் போர்ட் உள்ள மெஷ் யூனிட்டில் (ரவுட்டரின் வைஃபையை வாங்கி நீட்டித் தரும் பெட்டியில்) போட்டு, அதைச் சிக்னல் நன்றாக எட்டும் இடத்தில் வைத்து, அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்னக் கேபிள் கொடுத்துவிடுங்கள்.