ஒரிஜினலா, ஆங்கில ரீமேக்கா? – சில கேள்விகள், என் பதில்கள்

பிறமொழிப் படத்தையும் அதன் ஆங்கில ரீமேக்கையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவைத் தொடாமல் ரீமேக்கைப் பற்றிப் பேசவே முடியாது. ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’, ‘இன்சோம்னியா’, ‘ஸ்போர்லோஸ்’ மூன்றையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். அந்தப் படங்களைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

சார், சப்டைட்டில் போட்டாலே போதுமே. எதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து திரும்ப எடுக்கிறார்கள்?

நமக்குச் சப்டைட்டில் பழகிவிட்டது. அமெரிக்கப் பொதுஜனத்துக்கு அந்தப் பழக்கம் பெரிதாக வரவில்லை. 2020இல் கோல்டன் குளோப் மேடையில் கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ, ஓர் அங்குல உயரச் சப்டைட்டில் சுவரைத் தாண்டினால் எத்தனையோ நல்ல படங்கள் கிடைக்கும் என்று சொன்னது அவர்களைப் பார்த்துத்தான். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் டப்பிங் செய்தே பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவில் அதுவும் வேரூன்றவில்லை. அதனால் கதையை மட்டும் வாங்கி, தங்கள் நட்சத்திரங்களை வைத்து எடுப்பது அங்கே பழைய வழி. 1937இல் வந்த ‘பெப்பே லெ மோக்கோ’ என்ற பிரெஞ்சுப் படத்தை அடுத்த வருடமே ‘அல்ஜியர்ஸ்’ என்று எடுத்துவிட்டார்கள். ஒரிஜினல் அமெரிக்கத் திரைக்கு வந்தது 1941இல்தான்.

பணமும் ஒரு காரணம். ஓர் ஊரில் ஓடிய கதை என்றால் முதல் போடுகிறவருக்குத் தைரியம் வரும். மூன்று பிரம்மச்சாரிகள் கையில் ஒரு கைக்குழந்தை சிக்கும் 1985இன் பிரெஞ்சு நகைச்சுவைப் படம் 1987இல் ‘த்ரீ மென் அண்ட் அ பேபி’ ஆனது. அந்த வருடப் படங்களில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது அதுதான்.

அண்ணே, ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ஸை விட ‘தி டிபார்ட்டட்’தானே பெட்டர்? நாலு ஆஸ்கர் சும்மாவா கொடுத்தார்கள்?

தம்பி, சும்மா கொடுக்கவில்லை. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு, நான்குக்கும் தகுதியான படம்தான். ஆனால் இரண்டும் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் என்று நினைத்து மார்க் போடாதீர்கள்.

‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ ஹாங்காங் படம், ‘தி டிபார்ட்டட்’ அதன் அமெரிக்க ரீமேக். கதை இரண்டிலும் ஒன்றே. போலீஸ்காரன் ஒருவன் கடத்தல் கும்பலில் உளவாளி, கும்பல்காரன் ஒருவன் போலீஸில் உளவாளி. 2002இன் ஹாங்காங் படத்தில் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வருகிறது. போலீஸின் உளவாளியாக வரும் டோனி லியுங் ஓர் ஆடியோ கடையில் உட்கார்ந்திருக்கிறார். கும்பலின் உளவாளியாக வரும் ஆண்டி லாவ் ஸ்டீரியோ செட் வாங்க வருகிறார். ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாய் சின் பாடிய ஒரு பழைய சீனப் பாட்டை இருவரும் அமைதியாகக் கேட்கிறார்கள். இவர்கள் நண்பர்களாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் அங்கேயே நமக்குள் விழுந்துவிடுகிறது. ‘தி டிபார்ட்டட்’டை இயக்கிய ஸ்கார்செசியின் படத்தில் இந்தக் காட்சி இல்லை. அவருக்கு வேண்டியது பாஸ்டன் நகரத்து ஐரிஷ்காரர்களின் கோபம், கத்தோலிக்கக் குற்றவுணர்ச்சி, நடிகர் ஜாக் நிக்கல்சன். 101 நிமிடப் படம் 151 நிமிடம் ஆனது இவற்றால்தான்.

அப்புறம் முடிவு. ஹாங்காங் படத்தின் சீனப் பெயர், பௌத்தத்தில் அவீசி என்று சொல்லப்படும் கடைசி நரகத்தைக் குறிக்கிறது. இடைவிடாமல் துன்பம் தொடரும் நரகம் அது. ஆண்டி லாவ் கடைசியில் சாவதில்லை. நல்ல போலீஸ் என்ற பெயரோடு உயிரோடு இருக்கிறார். செத்தவனுடைய இடத்தில் தான் இருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தோடு, தினமும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு வாழ வேண்டும். நீண்ட ஆயுள்தான் தண்டனை. ‘தி டிபார்ட்டட்’டில் அதே வேடத்தில் வரும் மாட் டேமனை வீடு தேடி வந்து சுட்டுவிடுகிறார்கள். பால்கனிக் கம்பியில் ஓர் எலி ஓட, படம் முடிகிறது. தியேட்டரில் கைதட்டலாம். ஆனால் அவீசி காணாமல் போய்விட்டது. எனக்கு அந்த நரகம்தான் படம். அதனால் என் ஓட்டு 2002க்கு.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனப் பெருநிலத்தில் வெளியிட இதே படத்துக்கு வேறு முடிவு எடுத்தார்கள். அதில் லாவைப் போலீஸ் பிடித்துவிடுகிறது. தப்பு செய்தவன் தப்பிக்கக்கூடாது என்ற பிடிவாதம் ஹாலிவுட்டுக்கு மட்டும் சொந்தமில்லை.

அப்படியானால் முடிவை மாற்றுவது ஹாலிவுட்டின் வழக்கமா, இல்லை அந்த ஒரு படத்தோடு சரியா?

நான் பார்த்தவரை வழக்கம்தான். 1934இலிருந்து 1968வரை அங்கே ஒரு தணிக்கை விதிமுறை அமலில் இருந்தது. குற்றவாளி தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. விதி போய்விட்டது, கை பழகியது போகவில்லை. படம் வெளிவருமுன் சாதாரண ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் முகம் சுளித்தால் முடிவைத் திருத்தும் முறையும் இதற்குத் துணை.

‘இன்சோம்னியா’வைப் பாருங்கள். 1997இன் நார்வே படம். சூரியன் மறையாத வடக்குப் பகுதியில் கொலையை விசாரிக்க வந்த அதிகாரி, பனிமூட்டத்தில் தன் கூட்டாளியையே தவறுதலாகச் சுட்டு, அதை மறைக்கிறார். உள்ளூர்ப் பெண் அதிகாரி ஒருவர் சம்பவ இடத்தில் துப்பாக்கித் தோட்டாவின் காலி உறையைக் கண்டுபிடிக்கிறார். ஒரு விரல் நீளம்கூட இல்லாத அந்த உறைதான் மொத்தச் சாட்சி. நார்வே படத்தில் அவர் அதை அதிகாரியின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மனிதர் காரில் ஏறிப் போகிறார். கண்ணில் தூக்கமே இல்லை. எப்போதாவது வருமா என்றும் நமக்குத் தெரியாது.

2002இல் கிறிஸ்டோபர் நோலன் அதை அலாஸ்காவுக்குக் கொண்டுபோனார். அதிகாரியாக வரும் அல் பசீனோ குண்டடிபட்டுக் கிடக்கிறார். அந்தப் பெண் அதிகாரி இரக்கப்பட்டு உறையைத் தூக்கி எறியப் போகிறார். வேண்டாம், நீ வழி தவறிவிடாதே என்று தடுத்துவிட்டு, என்னைத் தூங்க விடு என்று கண்ணை மூடுகிறார் பசீனோ. அதே உறை, அதே இரண்டு பேர், அர்த்தம் தலைகீழ். நோலன் செய்தது நேர்மையான மாற்றம் என்பேன். அந்தக் கதைக்குள்ளிருந்தே முளைத்த முடிவு அது. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

மதிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1988இன் டச்சுப் படம் ‘ஸ்போர்லோஸ்’. பிரான்சுக்குச் சுற்றுலா போன ஜோடி. பெட்ரோல் பங்க்கில் குளிர்பானம் வாங்கப் போன பெண் திரும்பி வரவேயில்லை. அவளுடைய காதலன் மூன்று வருடம் தேடுகிறான். கடத்தியவன் ஒரு குடும்பஸ்தன், வேதியியல் ஆசிரியர். அவனே நேரில் வந்து, அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் காபியைக் குடி, அவளுக்கு நடந்ததே உனக்கும் நடக்கும் என்கிறான். இவன் குடிக்கிறான். கண் விழிக்கும்போது சவப்பெட்டிக்குள், மண்ணுக்கு அடியில். அவ்வளவுதான் படம். முதல் தடவை பார்த்த அன்று இரவு நான் அறை விளக்கை அணைக்கவில்லை. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற வெறி ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் மொத்தக் கதையும். 1993இல் ஆங்கிலத்தில் எடுத்தபோது புதுக் காதலி வந்து மண்ணைத் தோண்டி அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். வில்லன் செத்துப்போகிறான். காப்பாற்றியதும் அந்தக் கதை எழுதப்பட்ட காரணமே போய்விட்டது. இரண்டையும் இயக்கியது ஒரே ஆள், ஜார்ஜ் ஸ்லூய்சர். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

ஒரே இயக்குநர் தன் படத்தையே திரும்ப எடுத்து உருப்பட்ட உதாரணம் இல்லையா?

இருக்கிறது. ‘ஜூ-ஆன்’ என்ற ஜப்பானியப் பேய்ப்படத்தை எடுத்த தகாஷி ஷிமிசுவே 2004இல் ‘தி கிரட்ஜ்’ எடுத்தார். கதையை டோக்கியோவிலேயே வைத்துக்கொண்டு அமெரிக்கர்களை அங்கே வரவைத்தது புத்திசாலித்தனம். பேய் தன் வீட்டை விட்டு நகரவில்லை. சிலி நாட்டு செபாஸ்டியன் லெலியோ தன் ‘குளோரியா’வை ஜூலியான் மூரை வைத்து ‘குளோரியா பெல்’ என்று எடுத்தார். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

மைக்கேல் ஹனேகேயின் வழி தனி. 1997இல் ஆஸ்திரியாவில் ஜெர்மன் மொழியில் எடுத்த ‘ஃபன்னி கேம்ஸ்’ஸை 2007இல் ஷாட்டுக்கு ஷாட் அப்படியே ஆங்கிலத்தில் எடுத்தார். வன்முறையைப் பொழுதுபோக்காகப் பார்க்கும் ரசிகர்களைக் கேள்வி கேட்கும் படம் அது. கேட்க நினைத்தது ஆங்கிலம் பேசுகிற ரசிகர்களைத்தான். முதல் படத்துக்கே ஆங்கிலப் பெயர் வைத்தார் பாருங்கள்! அவரைப் பொறுத்தவரை ரீமேக் என்பது சரியான முகவரிக்குக் கடிதத்தை மறுபடி அனுப்புவது.

உரிமை வாங்காமல் எடுத்தால் என்ன ஆகும்?

வழக்கு வரும். ஜப்பானிய இயக்குநர் குரசோவாவின் ‘யோஜிம்போ’வை அனுமதியில்லாமல் தழுவி, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 1964இல் ‘அ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். கடைசியில் உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான் முதலான சில நாடுகளின் விநியோக உரிமையும் ஜப்பான் தரப்புக்குப் போயின. அதே கதையை முறைப்படி எடுத்தது 1996இன் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’. முறையாக எடுத்த படம் நினைவில் நிற்கவில்லை, முறைதவறிய படம் காவியமாக நிற்கிறது. கலைக்கும் நியாயத்துக்கும் நடுவில் இப்படி ஒரு சங்கடம் வந்துவிடுகிறது.

‘கோடா’ ரீமேக் என்று இப்போதுதான் தெரிந்தது. உண்மையா அக்கா சொன்னது?

உங்கள் அக்கா சொன்னது சரி. 2014இன் பிரெஞ்சுப் படம் ‘லா ஃபமீ பெலியே’. காது கேளாத குடும்பத்தில் காது கேட்கிற ஒரே ஆளாக, பாட்டுத் திறமையோடு பிறந்த ஒரு பெண்ணின் கதை. அங்கே பால் பண்ணைக் குடும்பம், இங்கே மாசசூசெட்ஸின் குளோஸ்டர் மீனவர்கள். பிரெஞ்சில் அப்பா, அம்மா வேடங்களில் காது கேட்கிற நடிகர்களே நடித்தார்கள். ‘கோடா’வில் அப்பா, அம்மா, அண்ணன் மூவருமே காது கேளாத நடிகர்கள்.

இதனால் என்ன மாறுகிறது என்று கேட்டால், கையைப் பாருங்கள் என்பேன். பிரெஞ்சில் சைகை, கற்றுக்கொண்ட வசனமாகத் தெரிகிறது. ‘கோடா’வில் அப்பாவாக வரும் ட்ராய் காட்சர் சைகை செய்யும்போது கெட்டவார்த்தைக்குக்கூட ஒரு தாளம் இருக்கிறது. அது அவருடைய தாய்மொழி. மகள் மேடையில் பாடும்போது திடீரென ஒலி நின்று அப்பாவின் நிசப்தத்தில் நாம் உட்காரும் இடம் ஒரிஜினலிலேயே உண்டு, அந்தப் பெருமையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறிக்கக்கூடாது. ஆனால் ‘கோடா’வில் அது இன்னும் ஆழமாக இறங்குகிறது. காட்சருக்குத் துணை நடிகர் ஆஸ்கர், படத்துக்கும் ஆஸ்கர். ரீமேக் ஒரிஜினலைத் தாண்டியதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இதுதான்.

நம்ம பக்கத்துப் படம் எதுவும் ஆங்கிலத்துக்குப் போகவில்லையா?

ஒன்று சொல்கிறேன். இந்தியில் ‘அ வெட்னஸ்டே’, 2008. அதைத்தான் தமிழில் கமல் ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆக்கினார். அதே கதை 2013இல் ‘அ காமன் மேன்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. எடுத்தவர் இலங்கையின் சந்திரன் ரத்தினம். கதை நடப்பது கொழும்பில், நாயகன் பென் கிங்ஸ்லி. பலருக்கு இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது.

இன்னொரு சந்தோஷமான விஷயம். ‘தி இன்டச்சபிள்ஸ்’ என்ற 2011 பிரெஞ்சுப் படத்தைக் கார்த்தியும் நாகார்ஜுனாவும் நடித்து 2016இல் ‘தோழா’வாகப் பார்த்துவிட்டோம். ஹாலிவுட்டின் ‘தி அப்சைட்’ தியேட்டருக்கு வந்தது 2019இல்தான்.

அப்பா அரசு அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரோடு பார்க்க ஒரு ஜோடிப் படம் சொல்லுங்களேன்.

‘இகிரு’, ‘லிவிங்’. வேறு யோசனையே வேண்டாம். ஆனால் முன்கூட்டியே சொல்கிறேன், நாயகனுக்குப் புற்றுநோய். அப்பாவின் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

1952இல் குரசோவா எடுத்தது ‘இகிரு’. கோப்புகளுக்கு நடுவில் முப்பது வருடம் கழித்த ஒரு நகராட்சி அதிகாரிக்கு இன்னும் சில மாதங்களே உயிர் என்று தெரிகிறது. சாகுமுன் ஒரே ஒரு காரியம் செய்கிறார். தாய்மார்கள் மனுவோடு அலைந்துகொண்டிருந்த ஒரு சாக்கடைப் பள்ளத்தைக் குழந்தைகள் பூங்கா ஆக்குகிறார். 2022இல் அதை லண்டனுக்கு, 1953க்கு மாற்றி ‘லிவிங்’ என்று எழுதியவர் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. நாகசாகியில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்து போனவர். இரண்டு ஊரின் மௌனமும் தெரிந்தவர். ஜப்பான் படத்தில் டாக்டர் வெறும் வயிற்றுப் புண் என்று பொய் சொல்கிறார். நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாத காலம் அது. லண்டன் டாக்டர் நேரடியாகச் சொல்லிவிடுகிறார். சொல்வது எப்போதுமே சுலபமில்லை என்கிறார். நாயகனாக வரும் பில் நை ‘ஆமாம், சரிதான்’ என்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். ஜப்பானில் டாக்டர் மறைக்கிறார், இங்கே நோயாளியே தன்னை மறைத்துக்கொள்கிறார். சாக்கடைப் பள்ளம் போய், உலகப் போரில் குண்டு விழுந்த இடிபாடு வந்திருக்கிறது. ஊரை மாற்றினால் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஈடு தேட வேண்டும். இஷிகுரோ தேடியிருக்கிறார்.

முதலில் ‘லிவிங்’ போடுங்கள். 102 நிமிடம்தான், அப்பாவுக்கு அலுப்பு வராது. ஒரு வாரம் கழித்து ‘இகிரு’. அதில் பூங்கா முடிந்த இரவு அந்த மனிதர் ஊஞ்சலில் உட்கார்ந்து, பனி விழ விழ, வாழ்க்கை சின்னது என்ற பழைய பாட்டை மெல்லிய குரலில் பாடுகிறார். ‘லிவிங்’கிலும் அதே ஊஞ்சல், அதே பனி. பாட்டு மட்டும் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடல். அந்த இடம் வரும்போது அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் பாட்டுக்குப் பார்க்கட்டும்.