வேலிக்கு கம்பி வாங்க முன்ன ஒரு துண்ட கீறி பாருங்க

மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேலி ஞாபகம் வந்துருச்சு போல, இந்த முறை வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதுதான். சுருக்கி போட்டிருக்கேன், கோவிக்காதீங்க.

தலவாக்கலை வாசகி: 12 கேஜ்னு சொல்லித்தான் பச்ச கோட்டிங் போட்ட கம்பி வலை தந்தாங்க. ஒரு வருஷம் கூட ஆகல, வெட்டின முனையெல்லாம் துரு, நடுவுல தொங்குது. கடையில கேட்டா "உங்க ஊர் பனி அப்படி"ன்றாங்க.

பனி மேல பழிய போடுறது இந்த ஊர் ஹார்ட்வெயார்காரங்களுக்கு பழகிப்போச்சு. இத நான் ரொம்ப நாளா கத்திக்கிட்டு இருக்கேன், இன்னொருக்கா கத்துறேன். கேஜ் நம்பர் கூட கூட கம்பி மெலிசு. 12 கேஜ்னா 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ்னா 2.03. பாக்க பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா 14ல இரும்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் கொறைவு, காசு மட்டும் 12க்கு வாங்கிருவாங்க. பச்ச கோட்டிங்ல இது இன்னும் லேசு, ஏன்னா பிளாஸ்டிக்கையும் சேத்து அளந்து "பாருங்க 12"ன்னு காட்டிட்டு உள்ள 14, சில நேரம் 16 வச்சிருப்பாங்க, அந்த உள்கம்பிக்கு துரு புடிக்காம இருக்க பூசுற நாகம் (சிங்க்) ஒழுங்கா பூசியிருக்கவும் மாட்டாங்க. வெட்டின முனையில தண்ணி இறங்கி பிளாஸ்டிக்குக்கு உள்ளயே துரு ஓடும், வெளிய பாத்தா பச்சையா அழகா இருக்கும்.

கடையில செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு முனைய பிளேடால கீறி பிளாஸ்டிக்க உரிங்க. அதுல அஞ்சு சின்னத் துண்டு வெட்டி ஒட்ட ஒட்ட வச்சு பள்ளிக்கூட அடிமட்டத்தால அளங்க. 13 மில்லிமீட்டர் வந்தா 12 கேஜ், 10 வந்தா 14. வெட்ட விட மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க. பில்லுல "கம்பி வலை"ன்னு மட்டும் எழுதினா பத்தாது, "கோட்டிங் இல்லாம 12 கேஜ்"ன்னு எழுத சொல்லுங்க, அப்ப அந்த மனுசன் முகம் போற போக்குலயே பாதி விசயம் தெரிஞ்சிரும்.

நானும் இதே பச்ச வலைய வாங்கி கட்டினவன்தான். இப்ப அதுல மேரக்காய் கொடி ஏத்தி விட்டிருக்கு, மேரக்காய் கேஜ் கேக்காது.

நடுவுல தொங்குறது வேற விசயம். மேல, நடுவுல, கீழன்னு மூணு இழுவைக் கம்பி ஓடணும், மூலை போஸ்ட்டுக்கு முட்டு இருக்கணும். அது இல்லாட்டி 10 கேஜும் தொங்கும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துல முறைப்பாடு குடுக்க வாங்கின நாள்ல இருந்து மூணு மாசம்தான், உங்களுக்கு அது தாண்டிருச்சு. பில்லையும் உரிச்ச துண்டையும் எடுத்துக்கிட்டு கடைக்கே போங்க, வேற ஆளுங்க சாமான் வாங்க நிக்கிற நேரமா பாத்து.

பண்டாரவளை: 7 பேர்ச் காணிக்கு எத்தன போஸ்ட் வேணும்?

7 பேர்ச்னா சுமார் 1,905 சதுர அடி, சதுரமா இருந்தா சுத்தளவு 175 அடி. எட்டு அடிக்கு ஒண்ணுன்னா 22 போஸ்ட், முட்டு வேற. முள்ளுக்கம்பி அஞ்சு வரின்னா 875 அடி, கேட் அகலத்த கழிச்சுக்கங்க. காணி நீட்டமா இருந்தா எல்லாம் கூடும்.

ஹட்டன் வாசகி: வீட்டுக்காரர் வெளிநாட்டுல. வேலி போட வந்தவருக்கு 90,000 ரூவா முழுசா பேங்க்ல போட்டுட்டேன். பாதி போஸ்ட் நட்டுட்டு போனவர் ரெண்டு மாசமா போன் எடுக்கல. பில்லும் இல்ல. எல்லாரும் என்னத்தான் திட்டுறாங்க.

திட்டுறவங்கள விடுங்க தங்கச்சி, ஏமாத்தினவன் அவன். பில் இல்லாட்டியும் பேங்க்ல காசு போட்ட ரசீது இருக்கு, வட்ஸ்அப்ல பேசினது இருக்கும், ஒண்ணையும் அழிச்சிராதீங்க. நட்டு வச்ச போஸ்ட்ட இன்னைக்கே தேதியோட போட்டோ எடுங்க. நுகர்வோர் அதிகார சபையோட 1977 நம்பருக்கு போன் பண்ணி சொல்லுங்க, ஆனா அதோட நிக்காம எழுத்துலயும் குடுங்க, மேல சொன்ன மூணு மாசத்துல உங்களுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, மாவட்டச் செயலகத்துல கேட்டா எங்க குடுக்கணும்னு காட்டுவாங்க. பொலிஸ்லயும் ஒரு முறைப்பாடு போட்டு வைங்க. அங்கிருந்து மத்தியஸ்த சபைக்கு அனுப்பினா வேணாம்னு சொல்லாதீங்க, இந்த மாதிரி காசு தகராறு நெறைய அங்கதான் தீருது, லோயருக்கு காசு கட்டவும் தேவையில்ல. போகும்போது யாரையாவது கூட்டிக்கிட்டு போங்க.

அப்புத்தளை: தகரம் அடிச்சு மூடினா மலிவு தானே?

உங்க ஊர் காத்துக்கா? பக்கத்து தோட்டத்துல போய் பொறுக்கிக்கலாம்.

வெலிமடை: கயிறு புடிச்சு மேசன் பாஸ் காட்டின இடத்துல வேலி போட்டோம். இப்ப பக்கத்து வீட்டுக்காரர் சர்வேயரோட வந்து என் காணிக்குள்ள 2 அடி வந்துட்டீங்கன்றார். பாஸ்கிட்ட நஷ்டஈடு கேக்கலாமா?

காணி உறுதி உங்க கையில, பிளான் உங்க அலுமாரியில, எல்லைக்கல்லு எங்கன்னு பாஸ்கிட்ட கேட்டிருக்கீங்க. அவரு சீமெந்து குழைக்கிறவர், சர்வேயர் இல்ல. அந்த சர்வே சரின்னா கழட்டுங்க, போஸ்ட்ட உடைக்காம தோண்டி எடுத்தா திரும்ப நடலாம். கூலி உங்க கணக்குல.

பொகவந்தலாவ: காட்டுப்பன்றி லீக்ஸ் பாத்திய மொத்தமா கெளறிட்டு போகுது. முள்ளுக்கம்பிக்கு வீட்டு கரன்ட் குடுக்கலாமா, இல்லாட்டி சுருக்கு வைக்கவா?

ரெண்டும் கூடாது. சட்டத்துக்கும் விரோதம். மின்வேலின்னு விக்கிற மெசின் ஒரு செக்கனுக்கு ஒருக்கா கண் சிமிட்டுற நேரம் அடிச்சிட்டு விட்டுரும், தொட்டவன் கைய எடுக்கலாம். வீட்டு கரன்ட் விடாது, புடிச்ச கை இறுகிக்கும், விடிய தேயிலை பறிக்க போற யாரோ ஒரு அம்மா தான் அதுல மாட்டும். சுருக்குல பன்றி மட்டுமா மாட்டுது? 2020 மே மாசம் மஸ்கெலியா நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு பன்றி சுருக்குல மாட்டி, காப்பாத்தி கொண்டுபோயும் செத்துப்போச்சு. பன்றிக்கு ரொம்ப உயரமான வேலி வேணாம், ஆனா கனமான வலையா இருக்கணும், அடிய ஒரு அடியாவது மண்ணுக்குள்ள புதைக்கணும், அது தாண்டுறத விட மூக்கால தூக்கிக்கிட்டு வர்றதுதான் கூட. சரிவுல தண்ணி ஓடுற கான் குறுக்க போற இடத்த விட்டுறாதீங்க, வலைக்கும் கானுக்கும் நடுவுல உள்ள சந்துதான் அதுக்கு கேட்.

ராகல: போஸ்ட் நட்டு கம்பி இழுத்ததும் ரெண்டு போஸ்ட் வெடிச்சிருச்சு. மாத்தி தருவாங்களா?

எப்ப வார்த்ததுன்னு கேட்டு வாங்கினீங்களா? சீமெந்து முழு பலத்துக்கு வர 28 நாள் வேணும், நம்ம குளிர்ல இன்னும் மெதுவாத்தான் இறுகும். போன வாரம் வார்த்தத இந்த வாரம் லொறியில ஏத்தினா வெடிக்காம என்ன செய்யும். வெடிச்ச இடத்துல உள்ள கம்பி எத்தனன்னு பாருங்க, நாலு மூலைக்கும் நாலு இருக்கணும். ஒண்ணோ ரெண்டோ தான் இருந்துச்சுன்னா போட்டோ எடுத்துக்கிட்டு போய் நில்லுங்க, ரெண்டு இல்ல, எல்லா போஸ்ட்டையும் மாத்தி கேளுங்க.

நுவரெலியா: கம்பிக்கு பதிலா உயிர்வேலி?

சைப்பிரஸ் வைங்க. கத்தரிக்கோல் புடிக்க சோம்பல்னா வைக்காதீங்க.