வடக்கே பந்தல், கிழக்கே கீரை: தோட்டக் கேள்வி-பதில்

வீட்டுக்குப் பின்னால் கிழமேற்கில் 20 அடி, தென்வடலில் 10 அடி இடம் இருக்கிறது. குழாய் தெற்கோரம் இருப்பதால் புடலைப் பந்தலை அங்கே போட்டுவிட்டு, மீதியில் வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை வைக்கலாமா? ஆடிப்பட்டத்துக்குத் தயாராக வேண்டும்.
– வாசகி, திருமங்கலம்

பந்தலை வடக்கோரத்துக்கு மாற்றுங்கள். ஆவணி நடுவிலிருந்து பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். தெற்கில் பந்தல் நின்றால் காய்க்கிற காலத்தில் மற்ற செடிகள் நிழலில் கிடக்கும். குழாய்க்கு ஒரு ஹோஸ் வாங்கினால் போயிற்று!

பந்தலுக்கு இரண்டரை அடி, ஒட்டி நடைபாதை ஒன்றரை அடி போக 6 அடி மிஞ்சும். அந்த நீளத்தில் தென்வடலாகப் பார் (செடி வைக்கும் நீளமான மண்மேடு) பிடியுங்கள். கிழக்கிலிருந்து கீரைப் பாத்தி 3 அடி, நடக்க 1 அடி, இரண்டடி இடைவெளியில் கத்தரி 3 பார், ஒன்றரை அடியில் வெண்டை 4 பார், இரண்டடியில் தக்காளி 2 பார். 20 அடியும் சரியாகிவிடும்.

பந்தலடியில் ஆறடிக்கு ஒன்றாக மூன்று குழிகள். ஒவ்வொன்றும் ஒரு கன அடி. மேல்மண்ணோடு 5 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, நாலைந்து விதை போட்டு, திடமான இரண்டை மட்டும் விடுங்கள்.

வெண்டையை இரவு ஊறவைத்து, அடிக்கு ஒரு இடமாக இரண்டு விதை, 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். பாரின் உச்சியில் வேண்டாம்; அங்கே ஈரம் சீக்கிரம் காயும், உப்பும் படியும். தண்ணீர் எட்டும் கோட்டுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஊன்ற வேண்டும். பத்தாம் நாள் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

பலர் கோட்டை விடுவது நாற்றில்தான். கத்தரி நாற்றுக்கு 30–35 நாள், தக்காளிக்கு 25 நாள் ஆகும். ஆடியில் நட வேண்டுமானால் ஆனி பிறந்ததுமே கத்தரி விதை நாற்றங்காலில் விழுந்திருக்க வேண்டும். கத்தரி படர்வதற்குள் 45 நாளில் முள்ளங்கி எடுத்துவிடலாம். பார்களுக்கு இடையில் ஒரு வரிசை ஊன்றிப் பாருங்கள்.

சிறுகீரை இரண்டு முறை விதைத்தும் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. ஏன்?
– வாசகர், பொள்ளாச்சி

விதை ஆழம் போயிருக்கும், அல்லது எறும்பு தூக்கியிருக்கும். அரைத் தேக்கரண்டி விதையை ஐந்து தேக்கரண்டி காய்ந்த மணலில் கலந்து தூவினால் மூன்றுக்கு ஆறடிப் பாத்திக்குத் தாராளம். கையால் லேசாகக் கீறிவிடுங்கள், அரை செ.மீ.க்கு மேல் மண் மூடக்கூடாது. வாளியால் ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கும், மண்ணும் இறுகும். பூவாளிதான் சரி. விதைக்கும் முன்பே பாத்திக்கு வெளியே கொஞ்சம் அரிசிக் குருணை போட்டு வையுங்கள், எறும்பு அதைப் பார்த்துக்கொள்ளும்.

போன வருட விதை முளைக்குமா?
– வாசகி, ஆரணி

பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் வழக்கம்போல் ஊன்றலாம், ஐந்தென்றால் இரட்டிப்பாக. வெங்காய விதைக்கு மட்டும் இந்தச் சோதனையும் வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள்.